கடலுக்கு முதுகு காட்டும் விளக்குகள்

சென்னையின் உத்தண்டியைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் பிரியும் ஒரு தெருவின் கடைசி வீடு. பின் கேட்டைத் திறந்தால் மணல். தோட்டத்துக்கு எங்கே விளக்கு வேண்டும் என்பதைப் பகலில் போய்த் தீர்மானிக்க முடியாது. அதனால் பிப்ரவரி மாலை ஒன்றில், பொழுது மங்கும் வேளையில் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. எலக்ட்ரீஷியன் தம்பி எக்ஸ்டென்ஷன் வயரும் சில மாதிரி விளக்குகளுமாக எனக்கு முன்பே வந்திருந்தார்.

“முதல்ல இப்ப இருக்கறதைப் பாருங்க” என்று அம்மா சுவிட்சைத் தட்டினார். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் நான்கு மூலையிலும் 50 வாட்ஸ் எல்.இ.டி. ஃபிளட் லைட். பளீரென்ற வெள்ளை. வேம்பு, நந்தியாவட்டை, காகிதப்பூ எல்லாம் நிறம் செத்துப்போய் நின்றன. எதற்கு இவ்வளவு வெளிச்சம் என்று கேட்டேன். “தனியா இருக்கேன் இல்லையா, திருட்டு பயம்தான்.”

தம்பியை அரளிப் புதருக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னேன். நாங்கள் கேட்டருகே நின்று பார்த்தோம். கண்ணில் குத்தும் வெளிச்சம், அதற்குக் கீழே அட்டைக் கரி நிழல். ஆள் இருப்பதே தெரியவில்லை. ஃபிளட் லைட்டை அணைத்து, போர்ட்டிகோவின் சின்ன பல்பை மட்டும் எரியவிட்டு, கண் பழகும்வரை காத்திருந்தோம். இப்போது தம்பியின் சட்டை தெரிந்தது, கையைத் தூக்கியதும் தெரிந்தது. “அடடா” என்றார் அம்மா. கண்ணுக்கு நேரே பல்பு எரிந்தால் கண்மணி சுருங்கிக்கொள்ளும். நிழலில் இருப்பது எதுவும் அதற்குப் பிறகு புலப்படாது. தோட்ட விளக்கில் நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் விதி இது ஒன்றுதான்: வெளிச்சம் விழும் இடம் தெரிய வேண்டும், பல்பு தெரியக் கூடாது.

கடையில் நாம் எல்லோரும் வாட்ஸைத்தான் கேட்கிறோம். வாட்ஸ் சொல்வது கரண்ட் செலவை. வெளிச்சத்தின் அளவு லூமென். அது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு தந்தது 700, 800 லூமென். மாடியில் இருந்தவை ஒவ்வொன்றும் 4,000 லூமென் அளவுக்குக் கொட்டிக்கொண்டிருந்தன. நடைபாதைக்கு விளக்கு ஒன்றுக்கு 100 முதல் 200 லூமென் தாராளம். அடுத்தது நிறம். 6500 கெல்வின் என்றால் நீலம் ஏறிய வெள்ளை. 2700 என்றால் இதமான மஞ்சள். 2700-இல் இலைப் பச்சை கொஞ்சம் பழுப்பேறித் தெரியும் என்பது உண்மை. செடிக்காகவே வைக்கும் விளக்குக்கு 3000 எடுக்கலாம். அதற்கு மேல் தோட்டத்தில் வேலை இல்லை.

கேட்டிலிருந்து வாசல்வரை பாதை வளைந்து போகிறது. தலையில் மூடி போட்ட, முழங்கால் உயர விளக்கைக் கையில் பிடித்தபடி தம்பி நடந்தார். நாங்கள் “அங்கேயே”, “இன்னும் ஓரடி” என்று சொல்லிக்கொண்டே வந்தோம். பாதையின் இரு பக்கமும் ஜோடி ஜோடியாக வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. இடப்பக்கம் ஒன்று, எட்டடி தள்ளி வலப்பக்கம் ஒன்று என மாற்றி வைத்தால் பாதி எண்ணிக்கையில் வேலை முடியும். வளைவில் ஒன்று கட்டாயம். வாசல் முன் இருக்கும் மூன்று படிகளுக்கு, ஒவ்வொரு படியின் முன்விளிம்புக்கும் அடியில் ஒளித்த ஸ்ட்ரிப் லைட். வயதானவர் கால் வைக்கும் இடம். இங்கே மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்றேன்.

வேம்படியில் தம்பி ஸ்பைக் லைட்டைக் குத்தி மேல்நோக்கித் திருப்பினார். பட்டையின் ஒவ்வொரு வெடிப்பும் எழும்பி நின்றது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வெளிச்சத்தில் பெரும்பங்கு இலையைத் தாண்டி வானத்துக்குப் போயிற்று. கிளையில் அடைந்திருந்த மைனாக்கள் கலைந்து கத்தின. அதே விளக்கை ஏணி வைத்துக் கிளையில் கட்டி, கீழே பார்க்கத் திருப்பினோம். தரையெங்கும் இலை நிழல், நடுநடுவே நிலா வெளிச்சம் போல. அம்மா உடனே “இது போதும்” என்றார். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. அகலமான பட்டை வாரால் கட்டி, கிளை பருக்கப் பருக்க ஆண்டுக்கொரு முறை தளர்த்திவிட வேண்டும்.

கடலோர வீட்டில் விளக்கின் உடம்பையும் பார்க்க வேண்டும். முன்பு வைத்த அலுமினிய விளக்குகள் உப்புக் காற்றில் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தன, திருகாணிகள் துருவேறி அசையவில்லை. பித்தளை, 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லையென்றால் நல்ல பாலிகார்பனேட். தூசும் நீரும் புகாமல் தடுக்கும் தரம், சுவரில் மாட்டுவதற்கு ஐ.பி. 65, மண்ணில் பதிப்பதற்கு ஐ.பி. 67. தென்னை மரத்தடியில் கிளறியபோது இன்சுலேஷன் டேப் சுற்றிய வயர் ஜாயிண்ட் ஒன்று ஈர மண்ணில் கிடந்தது, 230 வோல்ட் லைன். பேரப்பிள்ளைகள் வெறுங்காலில் ஓடும் இடம். தம்பி முகம் மாறி, தோட்ட லைனை மட்டும் அணைத்துவிட்டு வந்தார். தோட்டம் முழுவதையும் குறைந்த வோல்ட்டுக்கு மாற்றி, அந்த லைனுக்கு, மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுவதென்று அங்கேயே முடிவாயிற்று.

“12 வோல்ட்னா கடைசி விளக்கு மங்கிடும் சார்” என்றார் தம்பி. சரியான கவலை. மூன்று வாட்ஸ் விளக்குகள் பத்து, 25 மீட்டர் தள்ளி இருந்தால், ஒரு சதுர மில்லிமீட்டர் வயரில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 2.5 வயர் போட்டால் இழப்பு ஒரு வோல்ட்டுக்குள் அடங்கும். 24 வோல்ட் விளக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. சோலார் குத்து விளக்குகளை அம்மா விரும்பினார். மர நிழலில் பேனல் சார்ஜ் ஆகாது. ஐப்பசி மழையில் சுத்தமாக ஆகாது. வேண்டாம் என்றேன்.

இதுவரை பார்த்தது எந்த ஊர்த் தோட்டத்துக்கும் பொருந்தும். பின் கேட்டைத் திறந்துகொண்டு மணலில் இறங்கிய பிறகுதான் இந்த வீட்டின் உண்மையான கேள்வி தொடங்கியது. தம்பியை மாடி விளக்குகளை ஒரு தடவை போடச் சொல்லிவிட்டு, அலை விளிம்புவரை நடந்தேன். என் நிழல் முன்னால் கடல் பக்கம் நீண்டு கிடந்தது. திரும்பிப் பார்த்தால் நான்கில் இரண்டு பல்புகள் நேராகக் கண்ணில் பட்டன.

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். ஒரு குழியில் சுமார் 100 முட்டை; ஏறத்தாழ 50 நாளில் குஞ்சு பொரியும். இரவில் மண்ணைக் கிளறி வெளிவரும் குஞ்சு, தாழ்வான அடிவானத்தில் எந்தப் பக்கம் பிரகாசமோ அந்தப் பக்கம் ஊரும். மனித விளக்கு இல்லாத கரையில் அது கடல்தான். இங்கே அது வீட்டு மாடி. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். வனத்துறையின் பொரிப்பகங்களும் இருக்கின்றன. ஆனாலும் எல்லாக் குழியும் கண்ணில் படாது.

அம்மா மெதுவாகச் சொன்னார்: “போன வருஷம் மார்ச்ல ஒரு காலைல, இந்தக் கேட்டுக்கிட்ட ரெண்டு குட்டி ஆமை காஞ்சு கிடந்தது. நாய் தூக்கிட்டு வந்திருக்கும்னு நினைச்சேன்.”

நாயாகவும் இருக்கலாம். விளக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை. இழுவலையில் சிக்கிச் சாகும் பெரிய ஆமைகளை நாம் தனியாளாகக் காப்பாற்ற முடியாது. இந்த மாடி விளக்கு நம் கையில் இருக்கிறது.

கடல் பக்கச் சுவரில் இனி விளக்கே கிடையாது. சுவருக்கு உட்புறம் அவர் மாலையில் உட்காரும் சிமென்ட் திண்ணைக்கு மட்டும் ஒன்று: முழங்காலுக்குக் கீழே, மூடியோடு, நிலத்தைப் பார்த்தபடி, ஆம்பர் எல்.இ.டி. கடையில் மஞ்சள் என்று கேட்டால் வார்ம் ஒயிட்டைத் தருவார்கள். அதில் 2700 கெல்வினிலும் ஆமைகளைத் திசைதிருப்பும் நீல ஒளி கலந்திருக்கும். 590 நானோமீட்டர் ஆம்பர் என்று கேட்டு வாங்க வேண்டும். அந்த ஒன்றையும் ஜனவரியிலிருந்து மே வரை போட வேண்டாம். அந்த மாதங்களில் கடலைப் பார்க்கும் ஜன்னல்களுக்குத் தடித்த திரை.

தம்பி சிகரெட் அட்டையின் பின்புறம் பட்டியல் எழுதினார்: பாதைக்கு ஆறு, படிக்கு மூன்று ஸ்ட்ரிப், வேம்புக்கு ஒன்று, திண்ணைக்கு ஒன்று, இரவு பத்து மணிக்கு அணைக்கும் டைமர். தெருப் பக்கம் ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்கு ஒன்று. கடல் பக்க ஃபிளட் லைட் இரண்டையும் கழற்றிவிடுவது. மற்ற இரண்டும் அவசரத்துக்குத் தனி சுவிட்சில்.

மணலில் நின்றபோது வடக்கு வீட்டு மாடியிலும் ஒரு வெள்ளை விளக்கு எரிவதைக் காட்டினேன். அணைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. கீழ்நோக்கிச் சாய்த்து, கடல் பக்கம் ஒரு தகர மறைப்பு வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்றேன்.

“நாளைக்கே பேசறேன்” என்றார் அம்மா. “அந்த வீட்டுப் பொண்ணு என்கிட்ட எட்டாவது படிச்சவதான். தம்பி, நீங்களும் கூட வாங்க, எப்படி மறைக்கறதுன்னு நீங்க சொல்லுங்க.”