சார்ஜனின் கடதாசி

எங்கள் குசினியில் ஒருத்தர் இருக்கிறார். எல்லோரும் "சார்ஜன்" என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவர் சார்ஜன் ஆனதே இல்லை. அதற்கு ஒரு படி கீழேயே நின்றுவிட்டவர். குசினியில் வைக்கிற பட்டத்துக்கு யார் கணக்குக் கேட்கிறார்கள்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன என்னை அங்கே "புரொபெசர்" என்கிறார்கள்.

நியூ ஜேர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடை. நான் கிறில்லில் நிற்கிறேன், அவர் கோப்பை கழுவுகிறார். வெள்ளைக்காரன் கோப்பை கழுவ நம்மாள் கிறில்லில் நிற்கிறதா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் முதல்நாள் சிரித்தேன். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். கைகால் சுகமாக, இங்கிலிஷைத் தாய்மொழியாக வைத்திருக்கிற ஒரு மனிதன் ஏன் இந்த வேலையில் கிடக்கிறான் என்று யோசித்தேன். கேட்கவில்லை. குசினியில் யாரும் அதைக் கேட்பதில்லை.

2022 மாரியில் ஒரு திங்கட்கிழமை, கடையில் ஆட்கள் குறைவு. பின்கதவடியில் நின்றவர் ஒரு பிளாஸ்ரிக் பையை நீட்டினார். உள்ளே ஒரே ஒரு கடதாசி. கடதாசிக்கு முதல் என் கண்ணில் பட்டது அந்தப் பைதான். தண்ணி போகாமல் இறுக்கி மூடுகிற பை. என்ர அகதிக் கடதாசிகளும் அதே மாதிரிப் பையில்தான் பதினைந்து வருடமாக இருக்கின்றன.

"நீ உன்ர கேசுக்கு நீயே வாக்குமூலம் எழுதினதாச் சொன்னனி. எனக்கும் ஒண்டு எழுதவேணும்" என்றார். (அவர் சொன்னது இங்கிலிஷில். நான் எங்கட தமிழில் தருகிறேன்.)

அது டிடி 214. அமெரிக்கப் படைகளை விட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கடதாசி. எங்கே நின்றாய், என்ன பதக்கம், எப்படி வெளியே வந்தாய் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களில் இருக்கும். 24ஆம் கட்டம் சேவையின் தன்மை. அவருடையதில் "கௌரவமானதல்லாத வேறு நிலைமைகளில்" என்று இருந்தது. 28ஆம் கட்டம் காரணம். "இராணுவ நீதிமன்ற விசாரணைக்குப் பதிலாக." இந்தக் கடதாசிக்குச் சுருக்கப் பிரதியும் உண்டு. அதில் இந்தக் கட்டங்கள் இராது. ஆனால் நல்ல வேலை கொடுக்கிறவன் முழுப் பிரதியைத்தான் கேட்பான். எங்கட முதலாளி ஒன்றுமே கேட்கவில்லை. அதனால்தான் இவர் இங்கே.

நடந்தது இதுதான். 2004இல் ஈராக் போய் ஒரு வருடம் நின்றிருக்கிறார். திரும்பி வந்தபிறகு நித்திரை இல்லை. குடி. 2006இல் ஒருநாள் முகாமை விட்டுத் தாயின் வீட்டுக்குப் போய் நாற்பது நாள் அங்கேயே இருந்துவிட்டார். பிறகு தானாகவே திரும்பிப் போனார். விசாரணை வேண்டாமென்றால் இதில் கையெழுத்து வை, வீட்டை போகலாம் என்றிருக்கிறார்கள். வைத்துவிட்டார். வயது இருபத்திநாலு. அந்த வயதில் வீட்டை போகலாம் என்றால் நானும் எதிலும் வைத்திருப்பேன்.

எனக்கு அதிர்ச்சி 18ஆம் கட்டத்தைப் பார்த்தபோதுதான். அது குறிப்புகளுக்கான இடம். போர்முனையில் நின்ற காலத்தை அங்கேதான் எழுதவேண்டும். அவருடையதில் ஈராக் என்ற சொல்லே இல்லை! யாரோ ரைப் அடித்த அவசரத்தில் விட்டுவிட்டான். கடதாசியின்படி அவர் ஊரிலேயே இருந்து, ஊரிலேயே ஓடிப்போனவர்.

பிறகு வந்த திங்கட்கிழமைகளில் ரெலிபோனை வைத்துக்கொண்டு தேடித்தேடி வாசித்தேன். விலக்கின் தரத்தை மாற்றக் கேட்பதற்கு டிடி 293 என்று ஒரு விண்ணப்பம். ஆனால் விலகி 15 வருடத்துக்குள் போடவேண்டும். அவருக்கு அது 2021இல் முடிந்துவிட்டது. ஒரு வருடம் பிந்திப்போனார். ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஒவ்வொரு படைத்துறைக்கும் பதிவுகளைத் திருத்துவதற்கென்றே ஒரு சபை இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஒவ்வொரு படையாளின் பிழைக்கும் காங்கிரஸில் தனிச்சட்டம் போட்டு மாளாது என்று 1946இல் இதற்கு வழி செய்தார்கள். அதில் இருப்பவர்கள் சீருடைக்காரர் இல்லை, சிவிலியன்கள். டிடி 149 என்ற விண்ணப்பம். பிழையை அறிந்து மூன்று வருடத்துக்குள் என்று சட்டம் சொன்னாலும், நீதி கருதி அதைத் தளர்த்தலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

ஒரு படை தன்ர பதிவில் பிழை இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டு அதற்கு ஒரு விண்ணப்பமும் அச்சடித்து வைத்திருக்கிறது. எங்கட பக்கத்தில் இருந்து வந்தவனுக்கு இதை நம்பவே கொஞ்ச நாள் எடுத்தது.

முதலில் முழுக் கோவையையும் எடுக்கவேண்டும். சென் லூயிஸில் உள்ள தேசிய ஆளணிப் பதிவு நிலையத்துக்கு எழுதினோம். காசில்லை. 1973 யூலை 12இல் அங்கே தீப்பிடித்து 16 முதல் 18 மில்லியன் வரையான கோவைகள் அழிந்தன. பழைய ஆட்கள் பலர் அதனாலேயே அலைந்தார்கள். இவருடைய காலம் பிந்தியது, கோவை வந்தது. ஆனால் அதிலும் ஈராக்குக்கு அனுப்பிய கட்டளை இல்லை.

காப்பாற்றியது அவருடைய அம்மாதான். மனிசி மகனின் சம்பளத் துண்டுகளை ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு வைத்திருந்திருக்கிறார். 2004இல் மாதாமாதம் 225 டொலர், எதிரி அபாயக் கொடுப்பனவு. ஊரில் இருந்தவனுக்கு அதைக் கொடுக்கமாட்டார்கள். அந்தத் துண்டுகளையும், கூட நின்ற இரண்டு பேரின் கடிதங்களையும் வைத்து அந்த ஒரு பிழையை மட்டும் முதலில் திருத்தக் கேட்டோம். 2023 இலையுதிர் காலத்தில் டிடி 215 வந்தது. டிடி 214ஐத் திருத்தும் கடதாசி அது. ஒரு வரி. ஈராக், இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை. மனுசன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் பேசாமல் நின்றார்.

அந்த ஒரு வரியால் இன்னொரு கதவு திறந்தது. இப்படி விலக்கப்பட்டவர்களும் போர்முனையில் நின்றிருந்தால் மனநல வைத்தியம் பெறலாம் என்று 2018இல் சட்டம் வந்திருக்கிறது. போனார். போரின் பின்னான மனவடு என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். மனவடுவால் நடத்தை கெட்டவர்களின் விண்ணப்பத்தைத் தாராளமாகப் பார்க்கவேண்டும் என்று 2014இல் பாதுகாப்புச் செயலர் ஹேகல் இந்தச் சபைகளுக்கு எழுதியிருந்தார். இனித்தான் டிடி 149.

அவர் எழுதிவந்த முதல் வாக்குமூலம் முழுக்க மன்னிப்பு. நான் கெட்டவன், வெட்கப்படுகிறேன் என்று மூன்று பக்கம். நானும் என்ர கேசுக்கு அப்படித்தான் எழுதினேன், அழுது அழுது. என்ர லோயர் பேனையால் வெட்டியது ஞாபகம் வந்தது. "என்ன நடந்தது, எங்கை, எப்ப, ஆர் கண்டது? அதை மட்டும் எழுதுங்கோ" என்றார் அந்த மனிசி. அதையே சார்ஜனுக்குச் சொன்னேன். அவர் சொல்லச்சொல்ல நான் ரைப் பண்ணினேன்.

அப்போதுதான் தெரிந்தது, அவர் ஈராக்கில் நின்றது சோதனைச் சாவடியில்.

நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் வந்த ஒரு காரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வசனம் பாதியில் நின்றுவிட்டது. நானும் கையை எடுத்துவிட்டேன்.

2006இல், அவர் தாயின் வீட்டில் ஒளிந்திருந்த அதே வருடம், நான் கம்பஸுக்குப் போகிற வழியில் பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட ஒரு சென்றியில் சைக்கிளை விட்டிறங்கி வரிசையில் நின்றவன். ஒரு நாள் என்ர பெயரை ஒருத்தன் கொப்பியில் எழுதினான். ஏன் எழுதினான், என்ன எழுதினான், இன்றுவரை தெரியாது. அந்தக் கொப்பிக்குப் பயந்துதான் படிப்பை விட்டேன், ஊரை விட்டேன். இப்போது கொப்பிக்கு மற்றப் பக்கம் நின்றவனுக்கு வாக்குமூலம் ரைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். அந்தக் காரில் இருந்தவர்களுக்கு எந்தச் சபையும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. இதை அவரிடமும் சொன்னேன். "தெரியும்" என்றார். பிறகு மிச்சத்தைச் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன்.

படையை விட்டு வந்தபிறகு எப்படி நடந்தார் என்று தெரிந்தவர்கள் கடிதம் கொடுக்கலாம். என்னிடம் கேட்டார். இரண்டு கிழமை இழுத்தடித்தேன். "இஞ்சாருங்கோ, உங்களுக்கேன் ஆமிக்காரற்றை வேலை? உங்கட பேரும் விலாசமும் அங்கை போகுமெல்லே?" என்று மனிசி கேட்டாள். நியாயமான கேள்வி. கடைசியில் ஒரு பக்கம் எழுதினேன். இத்தனை வருடம் தெரியும், வேலைக்குப் பிந்தியதில்லை, என்ர கை சுட்டபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர், நான் ஓர் இராணுவத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவன், இதை என் விருப்பத்தோடு எழுதுகிறேன் என்று. நல்லவர் என்று எழுதவில்லை. அது எனக்குத் தெரியாது.

2024 மாசியில் அனுப்பினோம். 2025 ஆனியில் பதில். கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. 24ஆம் கட்டத்தை "பொது, கௌரவமான நிலைமைகளில்" என்று மாற்றினார்கள், 28ஆம் கட்டத்தையும் மாற்றினார்கள். வைத்தியத்துக்கு இனிப் பிரச்சினை இல்லை. ஆனால் படிப்புக் காசுக்கு முழுக் "கௌரவம்" வேண்டும், அது இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை. புதுக் கடதாசியை அதே பையில், பழையதுக்கு மேலே வைத்தார். பழையதை ஏன் எறியவில்லை என்று கேட்டேன். "அதுவும் நான்தானே" என்றார். இப்போதும் கோப்பைதான் கழுவுகிறார். வேறு இரண்டு இடத்தில் வேலைக்குப் போட்டிருக்கிறார்.

போன யூலை 3 குசினியில் எனக்குக் கேக் வெட்டினார்கள். நான் பிறந்தது பங்குனி 7. வந்த புதிதில் எங்கட வழக்கத்தில் 07.03 என்று எழுதிக் கொடுத்தேன். இங்கே மாதத்தை முதலில் வாசிப்பார்கள். யூலை 3 ஆகிவிட்டது. லைசென்ஸ், வரி, பிள்ளைகளின் பத்திரம் எல்லாம் இப்போது அதில்தான் ஓடுகின்றன. கேக்கைத் தின்றுகொண்டே சார்ஜனுக்கு இதைச் சொல்லிவிட்டேன்.

"அதுக்கும் ஒரு போம் இருக்குமே" என்றார். இருக்கிறதாம், அவரே தேடிப் பிடித்துவிட்டார். ஊரிலிருந்து பிறப்புச் சாட்சிப்பத்திரம் எடுக்கவேணும், மொழிபெயர்க்கவேணும், ஏன் இவ்வளவு காலம் பேசாமல் இருந்தாய் என்ற கேள்விக்கு மறுமொழி எழுதவேணும். இப்ப ஒவ்வொரு திங்கட்கிழமையும் "எழுதினியா?" என்று கேட்கிறார். நான் கிறில்லைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன்.