அம்மாள் காதில் விழுந்த ‘க்ளிக்’

வாட்டர்லூ என்றதும் நெப்போலியன் நினைவுக்கு வந்தால், அவரைச் சற்று ஓரமாக உட்கார வைத்துவிடுங்கள். நான் சொல்வது அமெரிக்காவில், அயோவா மாகாணத்தில், ஸீடார் நதிக்கரையில் இருக்கும் வாட்டர்லூ. ஊரைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் மக்காச்சோளம்தான்!

1918-ல் ஜான் டீர் கம்பெனி இங்கிருந்த எஞ்சின் தொழிற்சாலையை வாங்கிற்று. 1960 வரை இங்கே பிறந்த டிராக்டர்களுக்கு இரண்டே சிலிண்டர். அடுத்தடுத்து ‘பட், பட்’. பிறகு ஒரு சின்ன மௌனம். மறுபடி ‘பட், பட்’. அதனால் ‘ஜானி பாப்பர்’ என்று செல்லப் பெயர். ஊர் மியூஸியத்தில் இவை மௌனமாக நிற்கின்றன. சத்தம் கேட்கப் பண்ணைக்குத்தான் போக வேண்டும்.

நான் போன பண்ணையில் ஒரு கிழவரும் அவர் மனைவியும் பழைய ‘பி’ மாடல் ஒன்றுக்கு வைத்தியம் செய்து கொண்டிருந்தார்கள். அதன் இடது பக்கத்தில் கனத்த இரும்புச் சக்கரம். அதைக் கையால் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். தாளிக்கும்போது கடுகு வெடிக்கிற பதம் பார்க்கிறோம் அல்லவா? இங்கே தீப்பொறிக்குப் பதம். பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழுந்துவிட்டால் சக்கரம் எதிர்ப்பக்கம் உதைக்கும், மணிக்கட்டு முறியும். இதைத் தடுக்க, மாக்னெட்டோவில் ஒரு சுருள்வில் இருக்கிறது. கிளப்பும்போது பொறியைச் சற்றுப் பிடித்து வைத்து, ‘க்ளிக்’ என்று விடுகிறது.

இடது சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தை அம்மாள் கட்டைவிரலால் அடைத்துக் கொண்டார். கிழவர் சக்கரத்தை மெல்லச் சுழற்றினார். உள்ளிருந்து காற்று விரலைத் தள்ளியதும் அம்மாள் தலையசைத்தார். இனி, சக்கரத்தில் பொறித்திருக்கும் குறி எதிரேயுள்ள கோட்டுக்கு நேராக வரும்போது ‘க்ளிக்’ கேட்க வேண்டும்.

ஆனால் கிழவருக்குக் காது கேட்காது. டிராக்டர் ஓட்டியே போன காது! அம்மாள்தான் கேட்டுக் கை தூக்க வேண்டும்.

கை தூக்கினார். குறி இன்னும் கோட்டுக்கு வரவில்லை; இரண்டு விரற்கடை பாக்கி. பொறி முந்துகிறது! கிழவர் மாக்னெட்டோவின் போல்ட்டைத் தளர்த்தி, மயிரிழை நகர்த்தி முடுக்கினார். மறுபடி சுற்று. மறுபடி கை. இன்னும் அரை விரற்கடை. மூன்றாவது தடவை குறியும் கோடும் கையும் ஒன்றாக வந்தன.

பிளக்கை மாட்டினார்கள். கிழவர் இரண்டு கைகளாலும் சக்கரத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். அம்மாள் பார்த்தது எஞ்சினை அல்ல, அவர் மணிக்கட்டை.

பட், பட்... பட், பட்...

“ஓடுகிறதா?” என்று கிழவர் உரக்கக் கேட்டார். அம்மாள் அவர் உள்ளங்கையைப் பிடித்து, அதிரும் மட்கார்டின் மேல் வைத்தார்.