அந்த 68 பற்றி வசந்திக்கு

பள்ளிக்கரணை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு வசந்திக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் அழுத அழுகையில் பாதி விஷயம்தான் எனக்குக் காதில் விழுந்தது. மீதியை மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மறுபடி போன் போட்டால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

முதலில் திட்டிவிடுகிறேன். முகிலுக்கு ஐ.க்யூ. 68 என்று உன் மாமியாரிடமும் எதிர்வீட்டுக்காரம்மாவிடமும், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாயாமே? போனை வாங்கி அவன் என்னிடம், "பெரியம்மா, எனக்கு அறுபத்தெட்டுதான்" என்றான். பரீட்சை மார்க் என்று நினைத்திருக்கிறான். எட்டு வயசுப் பிள்ளைடி. இனி அந்த எண் அவன் முன்னால் உன் வாயிலிருந்து வரக் கூடாது.

பிள்ளைகளுக்கு டெஸ்ட் வைக்கிற வேலையிலேயே தலை நரைத்தவள் நான். எத்தனையோ பிள்ளைகள் முன்னால் குழிகள் வைத்த மரப்பலகையை வைத்து, பத்துக் கட்டைகளையும் அதனதன் குழியில் போடச் சொல்லி ஸ்டாப்வாட்சைப் பிடித்திருக்கிறேன். மூன்று தடவை போடச் சொல்வோம். மூன்று தடவையும் மூன்று நேரம்தான் வரும். பிள்ளை அதே பிள்ளைதான், பலகையும் அதேதான். ஃபேன் சத்தத்தில் ஒரு தடவை தலையைத் திருப்பியிருப்பான், அவ்வளவுதான். இங்கே சதுப்பு நிலத்தில் பறவைக் கணக்கெடுக்க வருகிறவர்களும் ஒரே பூநாரைக் கூட்டத்தை எண்ணி ஆளுக்கொரு எண் சொல்வார்கள். அதற்காகப் பறவை கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

1904-லேயே சார்லஸ் ஸ்பியர்மேன் என்ற ஆங்கிலேயர் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். கையில் கிடைக்கிற மதிப்பெண்ணில் பிள்ளையின் திறனும் இருக்கும், அன்றைக்கு வந்து சேர்ந்த பிழையும் இருக்கும். நம்பகத்தன்மை 0.9 உள்ள நல்ல டெஸ்ட்டாகவே வைத்துக்கொள். பல ஐ.க்யூ. டெஸ்ட்களில் திட்ட விலக்கம் 15. கணக்குப்படி பிழை ஏறக்குறைய 5 புள்ளி வரும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் 9 புள்ளி விட வேண்டும். இந்தக் கணக்கில் பார்த்தால் முகிலின் ரிப்போர்ட்டில் ஏறக்குறைய '59 முதல் 77 வரை' என்று எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதாமல் வெறும் 68 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கோபமே அதில்தான்.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதே. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஃப்ரெடி லீ ஹால் என்ற மரண தண்டனைக் கைதிக்கு ஐ.க்யூ. 71 என்று வந்தது. 70-க்கு மேல் இருந்தால் அந்தத் தண்டனையிலிருந்து தப்ப அறிவுத்திறன் குறைபாடு என்று வாதாடவே முடியாது என்பது அந்த மாநிலத்துச் சட்டம். 2014 மே 27-ம் தேதி அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், டெஸ்ட்டுக்கென்று ஒரு பிழை அளவு இருக்கும்போது ஒற்றை எண்ணில் கோடு போட முடியாது என்று சொல்லி அந்த விதியை ரத்து செய்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு. ஒரு புள்ளியில் ஒருத்தன் உயிர் தொங்கியது, வசந்தி.

இங்கேயும் கோடு இருக்கிறது. 2018 ஜனவரியில் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதலில், சமூக முதிர்ச்சி அளவுகோலில் 55 முதல் 69 வரை எடுத்தால் 50 சதவீதக் குறைபாடு, 70 முதல் 84 வரை எடுத்தால் 25 சதவீதம் என்று இருந்தது. சலுகைகள் பெரும்பாலும் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான். 69-க்கும் 70-க்கும் நடுவில் பிள்ளையிடம் என்ன வித்தியாசத்தைப் பார்த்துவிட முடியும்? எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. ஆனால் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கிற உதவி அங்கேதான் அறுந்துபோகிறது.

அந்த அளவுகோலில் முகிலுக்கு 66 போட்டிருக்கிறார்கள். இந்த டெஸ்ட்டில் பிள்ளையை விட அம்மாவிடம்தான் கேள்வி கேட்பார்கள். தானே சாப்பிடுவானா, தானே உடுத்திக்கொள்வானா, கடைக்குத் தனியாகப் போவானா என்று கேட்பார்கள். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு இங்கே வந்திருந்தபோது பார்த்தேனே. அவன் சட்டைப் பொத்தானில் கை வைக்கும் முன்னால் நீ போட்டுவிடுகிறாய். தட்டில் சாதத்தைப் பிசைந்து வாயில் ஊட்டுகிறாய். நீ குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவன் தானாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருமுனைக் கடையில் எனக்குத் தயிர் பாக்கெட் வாங்கி, மீதிச் சில்லறையைச் சரியாகக் கொண்டுவந்து கொடுத்தான். அது உனக்குத் தெரியாது. 'போக மாட்டான்' என்றுதான் சொல்லியிருப்பாய். தற்செயலாக வருகிற பிழை ஒரு நாள் கூட்டும், ஒரு நாள் குறைக்கும். இது அப்படியில்லை. நீ ஊட்டுகிற வரைக்கும் எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஐ.க்யூ. எடுத்த அன்றைக்கு நடந்ததை மாப்பிள்ளை சொன்னார். இருட்டோடு எழுந்து பஸ் பிடித்து, பஸ்ஸில் வாந்தி எடுத்து, ஒரு பிஸ்கட்டோடு மத்தியானம் வரை வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அப்புறம் எண்களைத் திருப்பிச் சொல்லும் பகுதியில் டெஸ்ட் எடுத்த பெண் ஆங்கிலத்தில் எண்களைச் சொல்லியிருக்கிறாள். இவன் வீட்டில் தமிழில் எண்ணுகிறவன். அவள் சோதித்தது இவன் ஞாபகத்தையா, ஆங்கிலத்தையா? 2018 நீட் தேர்வில் தமிழ் வினாத்தாளின் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. பின்னால் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. 'கேள்வியே தப்பாக இருந்தால் பிள்ளை என்ன செய்யும்' என்று அன்றைக்கு நீதான் கொதித்தாய். அந்தக் கொதிப்பில் கொஞ்சம் உன் பிள்ளைக்கும் வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்படியானால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை' என்று நினைத்துவிடாதே. பிழை இரண்டு பக்கமும் போகும். 77 ஆக இருக்கலாம் என்றால் 59 ஆகவும் இருக்கலாம். அதோடு, அவனுக்கு வைத்த பினே-காமத் டெஸ்ட், தார்வாடில் காமத் என்பவர் கன்னட, மராத்திப் பிள்ளைகளை வைத்து 1930-களில் உருவாக்கியது. பிறகு திருத்தினார்கள் என்றாலும் பழைய அளவுகோல்தான். பழைய அளவுகோலில் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புள்ளி கொஞ்சம் கூடவே விழும் என்பது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். முகிலுக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை, இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் ஒன்றை மறக்கிறான். அதை நானும் பார்த்தேன். அவனுக்கு உதவி வேண்டும். எண் எதுவாக வந்தாலும் வேண்டும். 1905-ல் பாரிஸில் பினே இந்த டெஸ்ட்டை உண்டாக்கியதும் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போங்கள் என்று உங்கள் பள்ளிக்கூடத்தில் சொன்னதற்கு நீ தலையாட்ட வேண்டியதில்லை. எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து படிக்கிற உரிமை 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே இருக்கிறது. சொன்னதை எழுத்தில் கொடுங்கள் என்று கேள்.

மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. இன்டர்நெட்டில் ஐ.க்யூ. கேள்விகளைத் தேடி எடுத்து அவனுக்குப் பழக்கப் போகிறேன் என்றீர்களாம். வேண்டாம். புள்ளி ஏறும், பிள்ளை ஏற மாட்டான். அடுத்து பார்க்கிறவர்களுக்கு அவனுடைய நிஜமான சிரமம் எது என்றே தெரியாமல் போகும். வசந்தியின் கொழுந்தனார் 'குறைவாகவே இருக்கட்டும், சர்ட்டிபிகேட் சுலபமாகக் கிடைக்கும்' என்று சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மூன்று இடத்தில் டெஸ்ட் எடுத்து, பிடித்த எண்ணை மட்டும் வைத்துக்கொள்வதும் அதே தப்புதான். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

என்னை ராத்திரி தூங்கவிடாதது வேறு விஷயம். ரிப்போர்ட்டில் காது பரிசோதனை பற்றி ஒரு வரி இல்லை. சளி பிடித்தால் அவனுக்குக் காது அடைக்கும், சீழ் வரும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். காது மந்தமாக இருக்கிற பிள்ளைக்கு வாயால் கேள்வி கேட்டு ஐ.க்யூ. போட்டால் அது எதைக் காட்டும்? காதும் கண்ணும் முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

லீவு விட்டதும் கிளம்பி வா. ராத்திரி ரயிலில் ஏறினால் விடிகாலையில் தாம்பரம், நான் ஸ்டேஷனுக்கே வந்துவிடுகிறேன். இரண்டு நாள் இங்கே நன்றாகத் தூங்கி எழட்டும். மூன்றாம் நாள் சோழிங்கநல்லூர் வழியாக முட்டுக்காட்டுக்குக் கூட்டிப் போகலாம். பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. காது, பேச்சு, உளவியல் மூன்றையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். அதே ஐ.க்யூ. டெஸ்ட்டை உடனே திரும்ப வைத்தால் பழக்கத்தில் புள்ளி கூடும். அதனால் வேறு டெஸ்ட் வைப்பார்கள், இல்லாவிட்டால் சில மாதம் பொறுக்கச் சொல்வார்கள். பொறுக்கலாம். டெஸ்ட் தமிழில்தான் நடக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை பொத்தானை அவனே போடட்டும். பள்ளிக்கூடத்துக்கு நேரமானாலும் பரவாயில்லை. அவன் தானாகச் செய்கிறதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வை. வரும்போது அந்த நோட்டு, ரிப்போர்ட் ஃபைல், போன வருஷம் காதுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, மூன்றையும் மறக்காமல் எடுத்து வா.

உன் அக்கா