அரசாங்கத்திடம் இருக்கும் காகிதத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

எங்கள் வீட்டில் அரசாங்கம் விடிவதற்கு முன்பே எழுந்துவிடும். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து அப்பா மோட்டார் போடப் போவார். அந்த மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை. அம்மா உலையில் போடுவது ரேஷன் அரிசி. நான் கல்லூரிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மேட்டூரை என்றைக்குத் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரில் குறுவையா, நேரடியாகச் சம்பாவா என்பதே முடிவாகிறது.

இவ்வளவையும் வாங்கிக்கொண்டு அரசாங்கத்தைச் சந்தேகப்படலாமா என்று அப்பா கேட்பார். அரசாங்கமே வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். கொள்முதல் நிலையம் இல்லாவிட்டால் அறுவடை நேரத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை. 2025-26 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய் என்று அரசு அறிவித்ததால்தான் வியாபாரியிடமும் கொஞ்சம் பேரம் பேச முடிந்தது. என் சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. கொடுக்கிற கையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. கொடுப்பதற்கு முன்னால் அது நம்மிடம் எதையெல்லாம் கேட்கிறது என்பதுதான் என் கேள்வி.

அவர்கள் பிழை, நம் அலைச்சல்

தமிழ்நாட்டில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979-இல் தொடங்கி 1987 வரை நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஊர்ப்பக்கம் 'யூ.டி.ஆர்.' என்றால் எல்லோருக்கும் தெரியும். அதில் நல்லதும் நடந்தது. பெயர் மாறியது, சர்வே எண் மாறியது, அளவு குறைந்தது என்று ஏகப்பட்ட பிழைகளும் ஏறின. எங்கள் 2 மா சொந்த நிலத்தில் தாத்தா பெயருக்கு எதிரே அவருடைய தகப்பனார் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள். எழுதியது அரசாங்கத்தின் கை. நாற்பது வருஷம் கழித்து வாரிசுப்படி பட்டா மாற்றப் போனபோது, 'அது உங்கள் தாத்தாதான் என்று நிரூபியுங்கள்' என்றார்கள்.

மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, பழைய கிஸ்து ரசீது என்று அப்பா எடுத்துப்போனார். இதில் பாதி, அரசாங்கத்தின் ஏதோ ஒரு அலமாரியிலிருந்து பணம் கட்டி வாங்கி, அதே அரசாங்கத்தின் இன்னொரு மேஜையில் வைத்தது. நான் ஒரு நோட்டில் கணக்கு எழுதி வந்தேன். 9 நாள் அலைச்சல். ஒரு நாள் ஆள் கூலி 600 என்று வைத்தால் 5,400 ரூபாய். பஸ், ஜெராக்ஸ், மனு எழுதியவருக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து 1,260. மொத்தம் 6,660. பி.எம். கிசான் திட்டத்தில் அப்பாவுக்கு ஒரு வருஷத்துக்கு வருவது 6,000 ரூபாய். ஒரு வருஷ உதவியை ஒரு எழுத்துப் பிழை தின்றுவிட்டு, மேற்கொண்டு 660 ரூபாயும் கேட்டது.

உழுகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை

பட்டா விஷயமாவது முடிந்தது. இன்னும் முடியாதது குத்தகை. சொந்த 2 மா போக, 3 ஏக்கரை அப்பா வாய்வார்த்தைக் குத்தகைக்குச் செய்கிறார். நிலக்காரர் சென்னையில் இருக்கிறார். விதை, உரம், நடவு, அறுவடை எல்லாச் செலவும் எங்களுடையது. நகைக்கடன் அம்மாவின் சங்கிலியில் இருக்கிறது. ஆனால் அந்த 3 ஏக்கருக்குப் பி.எம். கிசான் எங்களுக்குக் கிடையாது. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் அந்தத் திட்டம் விவசாயி என்கிறது.

ஒரு வருஷம் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மழை கொட்டிப் பயிர் மூழ்கியது. 33 சதவிகிதத்துக்கு மேல் சேதம் என்று கணக்கெடுத்துப் போனார்கள். நிவாரணம் நிலக்காரர் கணக்குக்குப் போனது. அவர் நல்லவர், பாதியை அப்பாவுக்கு அனுப்பிவைத்தார். அப்பா அவரை இன்றும் வாழ்த்துகிறார். எனக்கு அது உறுத்துகிறது. அப்பாவுக்கு நியாயமாக வர வேண்டியது, இன்னொருவருடைய நல்ல மனசாக மாறித்தான் வந்து சேர்ந்தது. அவர் அனுப்பாமல் இருந்திருந்தால் கேட்க எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. சாகுபடி செய்யும் குத்தகைதாரர்களைப் பாதுகாக்க 1955-இலேயே சட்டம் வந்தது. குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற 1969-இல் இன்னொரு சட்டம் வந்தது. பதிவு செய்தால் பிறகு நிலத்தை விடமாட்டார்கள் என்று நிலக்காரர்கள் பயப்படுகிறார்கள். அதனால் எழுத்தே வேண்டாம் என்கிறார்கள். எழுத்துக் கேட்டால் அடுத்த வருஷம் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அப்பா பயப்படுகிறார். உழுகிறவனைக் காப்பாற்ற வந்த சட்டத்துக்குப் பயந்து உழுகிறவனே ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நல்ல நோக்கம் மட்டும் போதாது என்று எனக்குப் புரியவைத்தது இதுதான்.

17 சதவிகிதம் யாருக்கு?

கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி. குறுவை அறுவடை சமயத்தில் டெல்டாவில் மழைக்காலம். தளர்வு கேட்டு மாநில அரசு எழுதும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப்போகும். உத்தரவுக்குக் காத்திருக்கும்போதே சாலையோரத்தில் கொட்டிய நெல் முளைவிட்டுவிடும். மழை வருஷா வருஷம் வருகிறது. அந்தக் கடிதமும் வருஷா வருஷம் புதிதாக எழுதப்படுகிறது. இதற்கிடையில், எங்கள் நெல்லைப் போட்ட இடத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று தனியாக வாங்கினார்கள். அதற்கு மட்டும் ரசீது கிடையாது.

அம்மாவுக்கு வேறு சிக்கல். நாற்றுப் பறித்து, நடவு நட்டுக் கைரேகை தேய்ந்துபோனது. ரேஷன் கடைக் கருவி சில நாள் அம்மாவின் விரலை ஏற்காது. உழைத்த கையை அடையாளம் தெரியாத கருவி என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். மறுநாள் மறுபடி நடப்பதும் அம்மாதான்.

என்ன செய்யலாம்?

சந்தேகப்பட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதால் பயன் இல்லை. எங்கள் வீட்டில் நாங்கள் வைத்துக்கொண்ட பழக்கங்கள் இவை.

எந்த மனுவையும் வாய்மொழியாகச் சொல்வதில்லை. எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குகிறோம். பதில் வராவிட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில், 'என் மனுமீது எந்தத் தேதியில் யார் என்ன நடவடிக்கை எடுத்தார்' என்று மட்டும் கேட்கிறோம். 30 நாளில் பதில் தர வேண்டும். பட்டா மனு நகர்ந்தது அதற்குப் பிறகுதான். வருஷத்துக்கு ஒருமுறை தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தியைத் தவறவிடுவதில்லை. கிராம சபை இப்போது வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான நோட்டில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அரசாங்கத்திடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, தன்னிடம் உள்ள பதிவை எங்களிடம் கேட்க வேண்டாம். பிழை பதிவேட்டில் இருந்தால், அதைத் திருத்தும் வேலையும் செலவும் பதிவேட்டை வைத்திருப்பவருடையதாக இருக்கட்டும். இரண்டு, நிலத்தின் உரிமையைத் தொடாமல், 'இந்தப் பருவத்தில் இந்த நிலத்தில் சாகுபடி செய்பவர் இவர்' என்று மட்டும் சொல்லும் ஒரு சான்று. நிலக்காரருக்கு அதில் பயம் இருக்காது. நிவாரணம் உழுதவருக்கு வந்து சேரும்.

பயிர்க் காப்பீட்டில் குத்தகை விவசாயியும் சேரலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் நிலக்காரர் கையெழுத்து இல்லாமல் சாகுபடிச் சான்று தர முடியாது என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். வாய்வார்த்தைக் குத்தகையில் இருந்துகொண்டே அடங்கலில் பெயர் ஏற்றியவர்கள், சான்று வாங்கியவர்கள் வாசகர்களில் இருந்தால், எப்படி வாங்கினீர்கள் என்று இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். அடுத்த சம்பாவுக்குள் எங்களுக்கு அந்த வழி தெரிய வேண்டும்.