அப்பாவின் மூச்சுக் குழாய்

மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. ஓஸ் பைப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், அதையே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி திரேஸ்புரம். அப்பா சங்கு குளிப்பவர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். தாத்தா காலத்தில் கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி முங்கினார்கள். 1961-ல் இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. அப்புறம் சங்குதான் கதி. அப்பா காலத்தில் கம்ப்ரசர் வந்துவிட்டது. வள்ளத்தில் இன்ஜின் ஓடும். கம்ப்ரசர் அடைக்கிற காற்று டேங்குக்குப் போய், அங்கிருந்து நீள ஓஸ் வழியாகக் கடலடியில் இருப்பவர் வாய்க்குப் போகும். மேலே ஓஸைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். லீவு நாட்களில் அந்த ஆள் நான்.

முதலாமாண்டு முடிந்த லீவில் ஒரு நாள் டேங்க் முனையில், கிளிப்புக்குப் பக்கத்தில், ஓஸ் வெளுத்து வெடிப்பு விட்டிருந்ததைப் பார்த்தேன். புது ஓஸுக்கு வைத்திருந்த பணம் என் பீஸுக்குப் போயிருந்தது. அது எனக்கும் தெரியும். அதனால் பேசாமல் டேப்பை இறுக்கிச் சுற்றினேன். அப்பா தடவிப் பார்த்துவிட்டு, "டிப்ளமா படிக்கிற பிள்ள சுத்தினது, போதும்லே" என்றார்.

மறுநாள் அப்பா ஆறு பாகத்தில் இருந்தார். 'டப்'பென்று ஒரு சத்தம். ஓஸ் பாம்பு மாதிரித் துள்ளியது. கையால் பொத்தினேன், நிற்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் குமிழி வந்தது. பிறகு அப்பாவின் தலை வந்தது. வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "இன்ஜினை அமத்துலே, டீசல் வீணாப் போவுது."

ராத்திரி கேட்டேன், "எப்படிப்பா வந்தீய?"

"மிஷின் காத்தை இழுத்தவன் வாயை மூடிக்கிட்டு ஏறக் கூடாதுலே. விட்டுக்கிட்டே வரணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு பாகம் என்றால் ஏறக்குறைய 11 மீட்டர். அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும். தாத்தா மேலே இழுத்த மூச்சோடு முங்கியவர். அது அடியில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் வந்தது. அதனால் அவர் அடக்கிக்கொண்டே ஏறலாம். இதுதான் பாயில் விதி. நான் அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். அப்பாவுக்குப் பாயில் யாரென்றே தெரியாது.

சிலிண்டர் கட்டி முங்கும் ஸ்கூபாக்காரர்களுக்கும் இதே பாடம்தான். 200 பார் அளவுக்கு அடைத்த காற்றை ரெகுலேட்டரின் முதல் பாகம் சுமார் 10 பாருக்குக் குறைத்து ஓஸில் விடுகிறது. வளைவின் பாரமெல்லாம் விழுவது ஓஸ் முனையில்தான். அதற்காக அங்கே ரப்பர் உறை போடுகிறார்கள். அந்த உறையைத் தள்ளிப் பார்க்காவிட்டால் உள்ளே இருக்கும் வெடிப்பும் துருவும் தெரியாது. என் டேப்பும் அப்படித்தான். வெடிப்பை அடைக்கவில்லை, மறைத்தது.

மறுநாளே கெட்ட முனையை ஒரு சாண் வெட்டி எறிந்து, இரண்டு கிளிப் போட்டோம். அடுத்த மாதம் புது ஓஸ் வந்தது. பீஸை நான் அபராதத்தோடு கட்டினேன்.

இப்போது லீவில் போனால் முதல் வேலை ஓஸ்தான். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் பெரிய வட்டமாகச் சுருட்டி வைக்கிறேன். ஆணியில் மடித்துத் தொங்க விடுவதில்லை. டீசல் படவிடுவதில்லை. கம்ப்ரசரை ஓட விட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறேன். கம்ப்ரசர் காற்று இழுக்கும் வாயை இன்ஜின் புகைக்கு எதிர்ப்பக்கம், காற்று வரும் திசையில் வைக்கிறேன். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு வாசனையும் கிடையாது.

அலசுகிற குழாய்த் தண்ணீர் வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணி. குறுக்குத்துறையில் நாம் குளிக்கிற அதே ஆறுதான்.

நண்பர்களே, நாளை நாமும் ஏதாவது ஒரு கம்பெனியில் ஒரு வால்வையோ பைப்பையோ பார்த்து 'ஓ.கே.' என்று கையெழுத்துப் போடுவோம். "படிச்ச பிள்ள பாத்தது" என்று நம்பி ஒருவர் அதன் மறுமுனையில் இருப்பார். டேப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.