ஏற்காட்டுக் குளிரும் சாத்தின ஜன்னலும்

1/ கொரோனாவைப் பத்தி தப்பான பயம் மக்களுக்கு மட்டும் இல்லைங்க. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்கள்லயே பலர் ஓபி சீட்டைத் தொடப் பயந்தாங்க.

2/ காரணம் இருக்கு. 2020 மார்ச் 28ல உலக சுகாதார நிறுவனமே இது காற்றில் பரவாதுன்னு ட்வீட் போட்டுச்சு. காற்றோட்டம் இல்லாத அறையில் காற்று வழியாவும் தொற்றும்னு அவங்க தெளிவாச் சொன்னது 2021 ஏப்ரல் கடைசியில.

3/ செம்மநத்தம் மாதிரி மலை ஊர்ல இங்கதான் ஆபத்து. மேஜையைத் துடைச்சுத் துடைச்சு வைப்போம். குளிருக்கு ஜன்னலைச் சாத்திடுவோம். இருமுறவங்க மூச்சு உள்ளயே சுத்தும்.

4/ டிபி பரவுறதும் காற்று வழியாதான். அதனால ஆஸ்பத்திரி ஜன்னல் திறந்திருந்தா சாத்தாதீங்க. ஸ்வெட்டர் போட்டுட்டு வாங்க. இருமல் இருந்தா மாஸ்க்கும்.