ஒயிலுக்கு நாள் பார்ப்பது

வெள்ளவத்தையில் கார் வைத்திருக்கும் எவரிடமும் ஒயில் மாற்றுவதற்கு ஒரு கணக்கு இருக்கும். ஒருவருக்கு 5,000 கிலோமீற்றர். சிந்தெற்றிக் ஒயில் என்றால் 10,000 வரை தாராளமாக ஓடலாம் என்பார் அடுத்தவர். 3,000ஐத் தாண்ட விட்டதே இல்லை என்று மீசையைத் தடவுகிறவரும் உண்டு. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் கராஜ்காரர் சொன்னார், மச்சான் சொன்னார், மேல்மாடிக்காரர் அப்படித்தான் செய்கிறார் என்பதற்கு மேல் போகாது.

பெறாமகன் ஒருவன் அண்மையில் பழைய வாகன்-ஆர் ஒன்று வாங்கினான். வாங்கின கையோடு வந்து கேட்டான்.

“பெரியப்பா, எத்தினை கிலோமீற்றருக்கு ஒருக்கா ஒயில் மாத்திறது?”

“கார் எங்கை எங்கை போய் வரும்?”

“வேறெங்கை? பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை விடுறது, மார்க்கெற், கோயில். ஞாயிறிலை கொட்டாஞ்சேனை மாமி வீட்டை.”

“அப்ப கிலோமீற்றரை மற.”

அவனுக்கு இது பிடிக்கவில்லை. கேட்டது ஒரு எண், கிடைத்தது விசாரணை. ஆனால் விசாரிக்காமல் எண் சொல்கிறவரை நம்பக் கூடாது என்பது என் கட்சி.

காலி வீதியில் காலை நேரத்தில் ஊர்ந்து போகிற காரை எடுங்கள். நின்று நின்று போவதையெல்லாம் சேர்த்தால் மணிக்கு 12 கிலோமீற்றர் தேறினாலே பெரிது. அந்த வேகத்தில் 5,000 கிலோமீற்றர் ஓட 400 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். 2011 நவம்பரில் திறந்த தெற்கு அதிவேகப் பாதையில் சராசரி 80இல் போகிறவருக்கு அதே 5,000 ஏறத்தாழ 62 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மீற்றர் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஒரு எஞ்சின் மற்றதைவிட ஆறு மடங்குக்கு மேல் நேரம் உழைத்திருக்கும். சவோய் தியேட்டருக்கு முன்னால் சிகப்பு விழுந்து, ஏசியும் போட்டுக்கொண்டு நிற்கும்போது மீற்றர் அசையாது, எஞ்சின் ஓய்வதில்லை.

நேரக் கணக்கு ஒரு பக்கம். அதைவிடப் பொல்லாதது சூடேறாத ஓட்டம். அதைச் சொல்ல யாழ்ப்பாணத்துக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபின் அங்கே பெற்றோல் வருவது நின்றது. கார்கள் நிற்கவில்லை. ஏ40களும் மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிறிஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணுவது, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொண்டு போவது. அந்தப் பழைய எஞ்சின்களுக்குள் அமுக்கம் குறைவு என்பதால் தாக்குப்பிடித்தது. இன்றைய கார்களிடம் அந்த வித்தை பலிக்காது. புகையும் நாற்றமும் தெருவெல்லாம் கிடக்கும். அதைப் பொறுத்துக்கொண்டோம். கண்ணுக்குத் தெரியாமல் நடந்த சேதம் வேறு.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. எரியாத மிச்சம் பிஸ்ரன் றிங்குகளைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலோடு சேரும். ஒயில் தண்ணிப்பதமாகும். ஒயில் அளவு பார்க்கிற ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் மட்டம் குறையாமல் இருக்கும், சிலவேளை ஏறிக்கூட இருக்கும். கார்க்காரருக்கு அதில் பெரிய சந்தோஷம், ஒயில் குடிக்காத எஞ்சின் என்று. எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இப்படிச் சந்தோஷப்பட்டவரிடம், “ஒயில் கூடினா எஞ்சின் குட்டி போட்டிட்டுதெண்டு நினைக்கிறியளோ?” என்று கேட்டார். அவர் ஸ்ரிக்கின் நுனியில் நின்ற ஒயிலைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்ப்பார், பிறகு மூக்கருகே கொண்டுபோவார். வழுவழுப்புப் போய் மண்ணெண்ணெய் மணந்தால் அன்றைக்கே இறக்கச் சொல்வார். அது எத்தனை மைல் ஓடியது என்று அவர் கேட்டு நான் கண்டதில்லை. இங்கிலாந்தில் மண்ணெண்ணெய் வகையில் ஓடிய பெர்குசன் ட்ரக்டர்களுக்கும் இதே வியாதி இருந்தது. அவற்றின் ஒயிலையும் அடிக்கடி மாற்றத்தான் வேண்டியிருந்தது.

இன்று வெள்ளவத்தைக் கார்களில் மண்ணெண்ணெய் இல்லை. அதன் வேலையைப் பெற்றோலே செய்கிறது. குளிர்ந்த எஞ்சின் ஓடத் தொடங்கும்போது தேவைக்கு மேல் பெற்றோல் குடிக்கிறது. அதில் ஒரு பங்கு எரியாமல் கீழே போகிறது. கூடவே தண்ணீர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது என்றால் பலர் நம்புவதில்லை. பெரும்பகுதி சைலென்சர் வழியே போய்விடும். றிங்குகளைத் தாண்டி உள்ளே இறங்குகிற சிறு பகுதி ஒயிலில் தங்கும். ஒயில் நன்றாகச் சூடேறிச் சிறிது நேரம் அப்படியே நின்றால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். ஆனால் ரேடியேற்றர் தண்ணீரின் மீற்றர் சூடு காட்டினாலும் ஒயில் அந்தச் சூட்டுக்கு வர இன்னும் நேரம் எடுக்கும். அதற்குள் பள்ளிக்கூட வாசல் வந்துவிடுகிறது. பனியில் உறைகிற ஊர்க்காரரைவிட நமக்குச் சௌகரியம்தான், இங்கே எந்தக் காலையும் எஞ்சின் அவ்வளவு குளிர்வதில்லை. ஆனாலும் இரண்டு கிலோமீற்றர் ஓட்டத்தை அந்தச் சௌகரியம் காப்பாற்றாது.

ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். பால்கோப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். கூலன்ற்றும் சேர்ந்து குறைகிறதென்றால் அது வேறு நோய், உடனே காட்ட வேண்டும். நிறம் கறுத்ததை மட்டும் வைத்து யாரும் பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம். அழுக்கைத் தன்னோடு பிடித்துவைப்பது ஒயிலின் வேலை. கறுக்கிறதென்றால் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். டீசல் எஞ்சினில் புது ஒயில் சில நாளிலேயே கறுத்துவிடும். இன்னொன்று, மாடிவீடுகளின் நிலக்கீழ் பார்க்கிங்கில் சரிவில் நிற்கிற காரில் ஸ்ரிக் பார்க்காதீர்கள், அது பொய் சொல்லும்.

பெறாமகனின் காரோடு வந்த புத்தகம் முழுவதும் ஜப்பான் எழுத்து. நம்மில் அனேகர் அதைப் பிரிக்காமலே விட்டுவிடுகிறோம். இப்போது போனைப் பிடித்தால் ஓரளவுக்கு வாசித்துச் சொல்கிறதே! உதாரணத்துக்கு டொயோட்டாவை எடுத்தால், அது தன் நாட்டு வாடிக்கையாளருக்குச் சாதாரணப் பெற்றோல் எஞ்சினுக்குச் சொல்வது 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. கடின ஓட்டம் என்றால் அதில் பாதி: 7,500 அல்லது ஆறு மாதம். டேர்போ எஞ்சினுக்கு இடைவெளி இன்னும் குறுகும். எது கடின ஓட்டம்? நாம் மலை ஏறுவதையும் பாரம் இழுப்பதையும் நினைப்போம். ஜப்பான்காரரின் பட்டியலில் திரும்பத் திரும்ப 8 கிலோமீற்றருக்குள் முடிகிற பயணமும் இருக்கிறது, 30 கிலோமீற்றர் வேகத்துக்குள் ஊர்வதும் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டை ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர். கோயிலும் மார்க்கெற்றும் பள்ளிக்கூடமும் அதற்குள்ளேயே. மினுக்கித் துடைத்து, மெதுவாக, கவனமாக ஓடுகிற நம்மவர் காரெல்லாம் அந்தப் பட்டியலின்படி பாடுபடுகிற கார்கள்தான்.

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் சிலவேளை ஒரு சிறு ஸ்டிக்கர் இருக்கும், அங்கே கடைசியாக ஒயில் மாற்றிய குறிப்பு. திகதியில் 28 என்று கண்டால் குழம்ப வேண்டாம். அது ஜப்பானியரின் ஹெய்செய் ஆண்டுக் கணக்கு, 2016. பக்கத்தில் அன்றைய கிலோமீற்றர். கார் வாங்கப் போகிறவர்கள் அந்த எண்ணையும் டேஷ்போர்ட் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விற்பவரின் நேர்மையும் கொஞ்சம் தெரியவரும்.

ஓடாத காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 20இல் ஊரடங்கு போட்டபோது கார்களெல்லாம் வாரக்கணக்கில் நின்றன. பற்றரி இறங்கிவிடும் என்று பலர் கீழே வந்து ஸ்ரார்ட் பண்ணிப் பத்து நிமிடம் ஓட விட்டு அணைத்துவிட்டு மேலே போனார்கள். பற்றரிக்கு அதில் கிடைத்தது கொஞ்சம். ஒயிலுக்குள் தண்ணீரும் பெற்றோலும் ஒவ்வொரு முறையும் சேர்ந்தன. மீற்றர் ஒரு கிலோமீற்றரும் ஏறவில்லை. அந்த மாதமே அரசாங்கம் வாகன இறக்குமதியையும் நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் ரூபாய் விழுந்து, ஒயில் விலை ஏறி, பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீடும் வந்தது. காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று தொடங்கினார்கள். ஓட்டம்தானே குறைந்துவிட்டது, ஒயிலுக்கு என்ன அவசரம் என்று தள்ளிப்போட்டவர்கள் உண்டு. புதுக் கார் வராத காலம், இருந்த எஞ்சினுக்கு மாற்று இல்லாத காலம். அப்போது போய்த் தள்ளிப்போட்டார்கள்.

வேலையால் ஓய்ந்த எங்கள் வயதுக்காரருக்கு இது வேறொரு விதத்திலும் விளங்க வேண்டும். ஓடவில்லை, ஆகவே தேயவில்லை என்று நாங்களும் எங்களைப் பற்றி நினைத்துக்கொள்கிறோம். வைத்தியர் அப்படி நினைப்பதில்லை. எத்தனை மைல் நடந்தாய் என்று மட்டும் கேட்காமல் எப்படி நித்திரை, என்ன சாப்பாடு, இரவில் எத்தனை தரம் எழும்புகிறாய் என்று துருவுகிறார். பிள்ளைகளின் விஷயத்திலும் பாருங்கள். மேல்மாடிப் பிள்ளை நாலு ரியூஷனுக்குப் போகிறது என்றால் கீழ்மாடிப் பிள்ளைக்கும் நாலு. அந்தப் பிள்ளை எப்படிப் படிக்கிறது, இந்தப் பிள்ளை எங்கே களைக்கிறது என்று யார் கேட்டார்கள்? அடுத்த வீட்டு அளவை வாங்கி வைத்துக்கொள்வது சுலபம். சொந்தப் பிள்ளையின் பாட்டைக் கவனிப்பது வேலை.

என் கார் வருடத்துக்கு நாலாயிரம் ஓடினால் அதிசயம். கிலோமீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றரை வருடம் ஒரே ஒயில் கிடக்கும். ஆகவே எனக்குக் கலண்டர்தான்: தைப்பொங்கலுக்கு முன் ஒருமுறை, ஆடிவேல் கழிய ஒருமுறை. இடையிடையே முன்னேஸ்வரம் வரை ஒரு ஓட்டம், அம்பாளுக்கும் ஆகும், ஒயிலுக்கும் சூடேறும். பெறாமகனுக்கும் ஆறு மாதம்தான் சொன்னேன். அவனுடைய எஞ்சின் மூன்று லீற்றர்கூடக் கொள்ளாது. கொஞ்ச ஒயில், அழுக்கு அதே அழுக்கு. அதே வாகன்-ஆரில் கிழமைதோறும் மட்டக்களப்புக்குப் போய்வருகிற ஒருவர் கேட்டால் வேறு பதில் சொல்வேன். அவருக்கு ஆறு மாதத்துக்கு முன்பே கிலோமீற்றர் முந்திவிடும், ஆனால் அவருடைய ஒயில் இவனுடையதைவிடச் சுத்தமாக இறங்கும்.

மீசையைத் தடவுகிற மூவாயிரக்காரரை நான் மெச்சுவதில்லை. நீண்ட ஓட்டக் காருக்கு அது காசுக்குக் கேடு, அதோடு போவதுமில்லை. அவர் அடிக்கடி இறக்குகிற ஒயில் எங்கேயோ போகத்தான் வேண்டும். கானுக்குள் ஊற்றினால் வெள்ளவத்தைக் கால்வாய், அதற்கப்பால் கடல். ஊரில் கறையானுக்கென்று மரத்தில் பூசுவோம், அது எவ்வளவு கொள்ளும்? கழிவு ஒயில் சேகரிக்கிறவர்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். புதிதாகப் போன கராஜில் பின்பக்கத்துப் பீப்பாவைக் காட்டி, இது யாருக்குப் போகிறது என்று கேட்டேன். அந்த மனிதர் கோபிக்காமல் உள்ளே போய், எடுத்துப் போகிறவர் கொடுத்த பற்றுச்சீட்டுக் கட்டையும் பத்திரத்தின் பிரதியையும் கொண்டுவந்து காட்டினார். சாவியை அவரிடமே கொடுத்தேன்.